வாசல் வரை வந்த இணையம், பின்கட்டுக்கு வராதது ஏன்?

இரவு 8 மணி. கூடத்தில் தாத்தா சினிமா பார்க்கிறார். படம் தங்கு தடை இல்லாமல் ஓடுகிறது.

அதே வீடு. அதே நேரம். பின்கட்டு அறையில் பேத்தி கல்லூரிப் பாடம் பார்க்கிறாள். திரையில் ஆசிரியர் திறந்த வாயோடு அப்படியே நிற்கிறார். பேச்சு வரவில்லை. ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றுகிறது.

"தாத்தா! கொஞ்ச நேரம் படத்தை நிறுத்துங்களேன்!" என்று பேத்தி கத்துகிறாள்.

தாத்தா நல்லவர். நிறுத்திவிடுகிறார். ஆனால் வட்டம் நிற்கவில்லை! சுற்றிக்கொண்டே இருக்கிறது.

குற்றம் தாத்தா மேல் இல்லை. நடுவில் நிற்கிறதே ஒரு சுவர், அதன் மேல்!

இன்று இந்தக் காட்சி நடக்காத தெரு இல்லை. மாதா மாதம் பணம் கட்டுகிறார்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகம் என்று கம்பெனி சொல்கிறது. வாசலில் அது வந்தும் சேர்கிறது. ஆனால் அடுக்களையிலும் மாடி அறையிலும் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. கட்டிய பணத்தைச் சுவர் விழுங்கிவிடுகிறது.

விளையாட்டுக் காரியம் அல்ல

சினிமா நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இணையம் இன்று சினிமாவுக்கு மட்டும் அல்ல.

2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. பள்ளிகள் மூடின. அலுவலகங்கள் மூடின. பாடமும் வேலையும் வீட்டுக்குள் வந்தன. அலை கிடைக்காமல் பிள்ளைகள் மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தார்கள். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு படித்தவர்களும் உண்டு.

கொரோனா போய்விட்டது. பழக்கம் போகவில்லை. வேலைக்கான நேர்முகப் பேட்டி இப்போது திரையில் நடக்கிறது. டாக்டர் திரையில் பேசுகிறார். துபாயில் இருக்கும் மகன் அம்மாவின் முகத்தைத் திரையில் பார்க்கிறான். அந்த அம்மா பெரும்பாலும் இருக்கும் இடம் அடுக்களை. அலை கிடைக்காத இடமும் அதுதான்!

பேட்டியின் நடுவே படம் நின்றுவிட்டால், எதிரே இருப்பவருக்குச் சுவரின் கதை தெரியாது. "இந்தப் பையன் பதில் சொல்லவில்லை" என்றுதான் குறித்துக்கொள்வார்.

ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வை-பை என்பது என்ன?

பலர் வை-பை என்பதும் இணையம் என்பதும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இல்லை. இரண்டும் வேறு.

இணையம் என்பது ஊர்க் குழாய்த் தண்ணீர். கண்ணாடி இழை வழியாக அது வீட்டு வாசலுக்கு வருகிறது. தலைமயிர் போன்ற மெல்லிய இழை அது. அதற்குள் ஓடுவது மின்சாரம் அல்ல, ஒளி.

வை-பை என்பது வீட்டுக்குள் தண்ணீரைத் தெளிக்கும் பூவாளி. ரூட்டர் என்ற பெட்டிதான் அந்தப் பூவாளி. அது ரேடியோ அலையாக மாற்றி வீட்டுக்குள் பரப்புகிறது. ரேடியோ என்றால் நம் பழைய ரேடியோவின் அதே இனம்தான். அண்ணன் தம்பி முறை.

குழாயில் தண்ணீர் வரவில்லையா? பூவாளி தூரமாக இருக்கிறதா? எது என்று முதலில் தெரிய வேண்டும். நோய் தெரியாமல் மருந்து சாப்பிடக் கூடாது அல்லவா?

அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. போனை எடுத்துக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் போய் நில்லுங்கள். அங்கே வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே வேகம் இல்லை என்றால் குறை கம்பெனியின் இழையில் இருக்கலாம். அல்லது பெட்டியிலோ போனிலோ இருக்கலாம். கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்கள். பெட்டி அருகே நல்ல வேகம், பின்கட்டில் இல்லை என்றால், கம்பெனியைத் திட்டிப் பயன் இல்லை. அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறியும் பயன் இல்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பின்கட்டில் வரவில்லை என்று 100 மெகாபிட்டை 300 ஆக்குகிறார்கள். கூடத்தில் 300 வருகிறது. பின்கட்டில் அதே வட்டம்!

ஆஸ்திரேலியாவில் ஒரு தோல்வி

இந்த அலை பிறந்த கதை சுவையானது.

1985-ல் அமெரிக்க அரசாங்கம் ஒரு முடிவு செய்தது. சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் யாரும் செய்திப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றது. அவை உயர்ந்த சரக்கு அல்ல. மைக்ரோவேவ் அடுப்பு போன்ற சாதனங்கள் இரைச்சல் போடும் இடம். "குப்பைமேடு" என்று மற்றவர்கள் ஒதுக்கிய இடம் என்று சொல்லலாம். அந்தக் குப்பைமேட்டில்தான் வை-பை முளைத்தது. 1997-ல் அதற்கு முதல் விதிமுறை வந்தது. 1999-ல் வை-பை என்ற பெயர் வந்தது.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. அறைக்குள் அலை நேராகப் போவதில்லை. சுவரில் மோதித் திரும்புகிறது. பீரோவில் மோதித் திரும்புகிறது. ஒரே செய்தி பல எதிரொலிகளாக வந்து குழம்புகிறது. பெரிய கல்யாண மண்டபத்தில் மைக்கில் பேசினால் ஒரு சொல்லும் புரியாதே, அது போல!

இதற்கு வழி கண்டவர்கள் ஆஸ்திரேலிய நாட்டு அரசு ஆராய்ச்சி நிலையத்தினர். ஜான் ஓ'சல்லிவன் என்ற விஞ்ஞானி அதில் முக்கியமானவர். அவர் முன்பு வானத்தை ஆராய்ந்தவர். வெடிக்கும் கருந்துளைகளில் இருந்து வரும் ரேடியோ ஒலியைத் தேடினார். கிடைக்கவில்லை. தோல்வி! ஆனால் மங்கிக் கலங்கிய ஒலியைத் தெளிவாக்க அவர் கற்ற கணக்கு வீண் போகவில்லை. 1990-களில் அது வீட்டுச் சுவரின் எதிரொலியை வெல்ல உதவியது. வானத்தில் தோற்ற கணக்கு வீட்டுக்குள் வென்றது.

எதிரொலியை வென்றாகிவிட்டது. ஆனால் சுவரையே வெல்ல முடிந்ததா? அதுதான் இல்லை.

நம் வீடும் அவர்கள் வீடும்

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் மரச் சட்டத்தில் கட்டியவை. உள்சுவர் மெல்லிய பலகை. தட்டினால் "டொக் டொக்" என்று கேட்கும். அலை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

நம் வீடு அப்படியா? 9 அங்குலச் செங்கல் சுவர். மேலே கான்கிரீட் தளம். அதற்குள் வலைபோலப் பின்னிய இரும்புக் கம்பி. வெயிலுக்கும் மழைக்கும் புயலுக்கும் அது நல்லது. அலைக்கு அது கோட்டை!

ஒரு செங்கல் சுவரைத் தாண்டும்போதே அலையின் சக்தியில் பாதிக்கு மேல் போய்விடும். இரண்டாவது சுவரில் மிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். கான்கிரீட் இன்னும் மோசம். தூரமும் சும்மா இருப்பதில்லை. வெட்டவெளியிலேயே தூரம் இரண்டு மடங்கானால் சக்தி நாலில் ஒரு பங்காகிவிடும்.

சுவர் மட்டும்தான் எதிரி என்று நினைக்க வேண்டாம். இரும்பு பீரோ அலையைத் திருப்பி அடிக்கும். நிலைக்கண்ணாடியின் பின்னால் உலோகப் பூச்சு இருக்கிறது. அதுவும் திருப்பி அடிக்கும். தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும். மீன் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் தண்ணீர்தான். மனித உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர் அல்லவா? கல்யாணக் கூட்டத்தின் நடுவே வை-பை சோர்ந்து போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுக்களையில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறதா? அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டியே வேலை செய்கிறது. குழம்பு சுடும் இரண்டு நிமிடம் படம் நின்று நின்று ஓடினால் ஆச்சரியப்பட வேண்டாம். அடுப்பில் இருந்து கசிவது மிகக் குறைவு. ஆனால் வை-பை அலை அதைவிடப் பலவீனம்.

இரண்டு சாலைகள்

இப்போது பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ்.

2.4 என்பது பழைய ஒற்றையடிப் பாதை. மெதுவாகப் போகும். ஆனால் தூரம் போகும். சுவரையும் ஓரளவு தாண்டும். கூட்டம் அதிகம். அதன் மொத்த அகலத்தில் ஒன்றோடொன்று இடிக்காத வழித்தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அடுக்குமாடிக் கட்டடத்தில் 40 வீடு இருந்தால், 40 பெட்டிகளும் இந்த மூன்றில் முட்டிக்கொள்ள வேண்டும்.

5 என்பது அகலச் சாலை. வேகம் பறக்கும். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இந்தியாவில் 2018 அக்டோபரில் இந்தச் சாலையின் பெரும்பகுதியை அரசாங்கம் லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் அது.

ஆகவே கூடத்தில் டெலிவிஷனுக்கு 5. பின்கட்டில் சும்மா செய்தி படிக்க 2.4. இப்படிப் பிரித்துக்கொண்டாலே பாதிச் சண்டை தீரும்.

பெட்டியை எங்கே வைக்கிறார்கள்?

கம்பெனி ஆள் வருகிறார். வாசல் ஜன்னல் வழியாக இழையைக் கொண்டுவருகிறார். அவருக்கு இன்னும் பத்து வீடு போக வேண்டும். ஜன்னல் பக்கத்திலேயே ஆணி அடித்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

பெட்டியின் அலை எல்லாப் பக்கமும் போகிறது. ஆக, பாதி அலை தெருவுக்குப் போகிறது! தெருவில் கட்டிய மாடு அதைக் கொண்டு என்ன செய்யும்?

சில வீடுகளில் பெட்டி டெலிவிஷனுக்குப் பின்னால் இருக்கிறது. சில வீடுகளில் மர அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள், "பார்க்க நன்றாக இல்லை" என்று. விளக்கை ஏற்றிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது போன்றது இது.

பெட்டி வீட்டின் நடுவில் இருக்க வேண்டும். தரையில் அல்ல; ஆள் உயரத்தில். கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நடுக்கூடத்து அலமாரியின் மேல் என்றால் மிக நல்லது. இழையை இன்னும் பத்து, பதினைந்து மீட்டர் உள்ளே இழுத்தால் வேகம் குறையாது. ஒளிக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் இழையைச் சட்டென்று மடக்கக் கூடாது. மடித்தால் ஒளி கசிந்துவிடும். வீட்டுக்காரர் கத்தரிக்கோல் எடுக்காமல், கம்பெனி ஆளைக் கூப்பிட்டுச் செய்வதே புத்திசாலித்தனம். பெட்டி மாட்டும் முதல் நாளிலேயே "நடுக்கூடத்துக்கு வேண்டும்" என்று கேட்டுவிட்டால் வேலை மிச்சம்.

உளுந்து வடையும் மாடி அறையும்

பெட்டியின் மேல் காது மாதிரி நிற்கிறதே, அதுதான் ஆன்டெனா. அதில் இருந்து அலை எப்படிப் பரவுகிறது தெரியுமா?

உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை. ஆன்டெனா அந்த ஓட்டையில் செருகிய குச்சி. அலையெல்லாம் வடையின் மாவு மாதிரி சுற்றுப்பக்கம் பரவுகிறது. குச்சியின் நேர்மேலேயும் நேர்கீழேயும் மிகக் குறைவு.

ஆகவே குச்சி நேராக நின்றால் அதே தளத்தில் உள்ள அறைகளுக்கு லாபம். மாடிக்கும் வேண்டும் என்றால் ஒரு குச்சியைப் படுக்க வையுங்கள். வடை செங்குத்தாக நிற்கும். கொஞ்சம் அலை மேலே போகும். செலவு? ஒரு காசு இல்லை. ஆனாலும் கான்கிரீட் தளம் இடையில் இருக்கிறது. அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒலிபெருக்கியும் பதிலும்

"அதிக சக்தியுள்ள பெட்டி வாங்கினால் தீர்ந்தது!" என்று கடைக்காரர் சொல்வார். அதில் ஒரு பொடி இருக்கிறது.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். ஊர்க்கோடிக் கிழவிக்கும் பாட்டு கேட்கிறது. ஆனால் கிழவி அங்கிருந்து பேசினால் கோயிலில் கேட்குமா? கேட்காது!

போனும் பெட்டியும் அப்படித்தான். பெட்டி உரக்கக் கத்தலாம். போனில் நாலு கோடும் நிறைந்து தெரியும். ஆனால் போன் சின்னது. அதன் குரலும் சின்னது. அது சொல்லும் பதில் பெட்டிக்கு எட்டாது. "கோடு நாலும் இருக்கிறது, படம் வரவில்லையே!" என்று பலர் தலையைச் சொறிவதற்கு இதுவும் ஒரு காரணம். இணையம் ஒருவழிப் பேச்சு அல்ல, இருவழிப் பேச்சு.

இன்னொரு சங்கதி. வை-பையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடை வரிசை மாதிரி. தூரத்து அறையில் ஒரு பழைய போன் இருக்கிறது என்று வையுங்கள். அது மெதுவாகப் பேசும். பை தேடி, கார்டு தேடி, சில்லறை தேடும் ஆள் அது. பின்னால் நிற்கும் எல்லாருக்கும் தாமதம். ஆகவே பின்கட்டின் பலவீனம் பின்கட்டோடு நிற்பதில்லை. முன்கட்டையும் இழுக்கிறது.

இரண்டாவது பெட்டி

பெட்டியை நடுவுக்கு மாற்றியாகிவிட்டது. குச்சியையும் திருப்பியாகிவிட்டது. சின்ன வீட்டுக்கு அது போதும். இரண்டு மாடி வீட்டுக்கு? நீண்ட ஓட்டு வீட்டுக்கு? ஒரு விளக்கு போதாத வீட்டுக்கு இன்னொரு விளக்கு வேண்டும். வேறு வழி இல்லை.

கடையில் மலிவாகக் கிடைப்பது சுவர் பிளக்கில் செருகும் சின்னக் கருவி. முதல் பெட்டி சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். கிளிப்பிள்ளை! ஒரே அலைவரிசையில் கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். அதனால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பலர் செய்யும் தவறு, அலை கிடைக்காத அறையிலேயே அதைச் செருகுவது. காது கேட்காத இடத்தில் கிளி என்னத்தைச் சொல்லும்? பாதி வழியில், அலை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

அடுத்தது, "மெஷ்" என்று சொல்லும் கூட்டுப் பெட்டிகள். இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில் சேர்ந்து வேலை செய்யும். ஆள் அறைக்கு அறை நடந்தால் போனை ஒரு பெட்டி அடுத்த பெட்டியிடம் ஒப்படைக்க உதவும். நல்ல ஏற்பாடு. விலை சில ஆயிரம் ரூபாய். ஆனால் இதிலும் பெட்டிக்குப் பெட்டி அலையிலேயே பேசினால் நம் கான்கிரீட்டில் தடுமாறும். சில கடைகளில் "மூன்று பெட்டி வாங்குங்கள்" என்று தலையில் கட்டுவார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மூன்று பெட்டி வீண்.

எல்லாவற்றிலும் சிறந்தது எது? வேடிக்கைதான். கம்பியில்லா இணையத்துக்குச் சிறந்த மருந்து கம்பி! முதல் பெட்டியில் இருந்து மாடிக்கு ஒரு கேபிள். அதன் நுனியில் இரண்டாவது பெட்டி. சுவர் இனி ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் போடும் சாதாரண இணையக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பழைய ரூட்டர் ஒன்று பரணில் கிடந்தால் அதையே பலமுறை இரண்டாவது பெட்டியாக மாற்றிக்கொள்ளலாம்.

டெலிவிஷன், மேசைக் கம்ப்யூட்டர் போன்ற நகராத சாமான்களுக்கும் கேபிளே போட்டுவிட்டால், அலை முழுவதும் போன்களுக்கு மிச்சம். தாத்தாவின் படம் ஒரு வழி. பேத்தியின் பாடம் ஒரு வழி.

வாடகை வீடா? வீட்டுக்காரர் சுவரைத் துளைக்க விடமாட்டார். தட்டைக் கேபிள் கிடைக்கிறது. கதவின் அடியில், சுவரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போகலாம். காலி செய்யும்போது உரித்துக்கொண்டும் போகலாம்.

மின்சாரம் நின்றால் இதெல்லாம் வீண் என்பதையும் மறக்க வேண்டாம். ரூட்டருக்கென்றே சின்ன பேட்டரிப் பெட்டிகள் வந்திருக்கின்றன. இன்வெர்ட்டர் இருந்தால் பிளக்கை அதன் வரிசைக்கு மாற்றினால் போதும். இழைப் பெட்டி ஒன்று, ரூட்டர் ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

தகரத் தாள் வித்தை

பெட்டிக்குப் பின்னால் அடுக்களை அலுமினியத் தாளை வளைத்து வைத்தால் அலை அதிகமாகும் என்று சொல்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டின் அமைப்புக்கு ஏற்ற வடிவத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, அதன் மேல் உலோகத் தாள் ஒட்டினார்கள். வேண்டிய பக்கம் அலை கூடியது. வேண்டாத பக்கம் குறைந்தது. கணக்கு இல்லாமல் கையால் வளைத்தால்? அடுக்களைக்குக் கூடலாம், படுக்கையறைக்கு அடியோடு போகலாம். புது அலை பிறப்பதில்லை. இருப்பது திரும்புகிறது. அவ்வளவுதான்.

போனின் முதுகில் ஒட்டினால் அலை பெருகும் என்று தங்க நிறத்தில் ஒரு வில்லை விற்கிறார்கள். அது வெறும் ஒட்டுத்தாள். காசைக் கரியாக்க வேண்டாம்.

பெட்டி பக்கத்தில் இருந்தால் உடம்புக்கு ஆகாதோ என்று தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். ரூட்டர் விடும் சக்தி மிகச் சிறிது; டார்ச் விளக்கின் பல்பைவிடக் குறைவு என்று சொல்லலாம். இத்தகைய பலவீனமான அலைகளால் உடம்புக்குத் தீங்கு என்று உறுதியான ஆதாரம் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

டில்லியில் நடக்கும் போட்டி

வீட்டுச் சுவரோடு இந்தக் கதை முடியவில்லை. டில்லிக்கும் அதில் பங்கு உண்டு.

2.4 நெரிசல். 5-ம் நெரிசலாகி வருகிறது. ஆகவே மூன்றாவது சாலை தேவைப்பட்டது. அது 6 கிகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 2020 ஏப்ரலில் அதில் 1,200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் வை-பைக்குத் திறந்துவிட்டது. ஐரோப்பிய நாடுகள் 2021-ல் கீழ்ப்பாதியை மட்டும் திறந்தன.

இந்தியாவில் இழுபறி. செல்போன் கம்பெனிகள் "எங்களுக்கு வேண்டும்" என்றன. 5ஜி, அடுத்து 6ஜி என்று அலைவரிசைத் தேவை ஏறுகிறது. ஏலத்தில் விட்டால் அரசாங்கத்துக்குப் பணம் வரும் என்பது அவர்கள் வாதம். ரூட்டர், கம்ப்யூட்டர் தயாரிப்பவர்கள் "வீட்டுக்கு இலவசமாக விடுங்கள்" என்றார்கள். கடைசியில் 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை வரைவு விதிகளை வெளியிட்டது. 5,925 முதல் 6,425 வரை, 500 மெகாஹெர்ட்ஸ், லைசென்ஸ் இல்லாமல், குறைந்த சக்தியில், கட்டடத்துக்குள்ளே பயன்படுத்துவதற்கான விதிகள் அவை.

ஏன் கட்டடத்துக்குள்ளே? தரையில் இருந்து செயற்கைக் கோளுக்கு டெலிவிஷன் நிகழ்ச்சிகளை அனுப்பும் அலைகளும் இதே இடத்தில்தான் போகின்றன. வீட்டு அலை வெளியே கசிந்து அவற்றைக் கெடுக்கக் கூடாது. இத்தனை நேரம் திட்டினோமே, அந்தச் சுவர் இங்கே காவல்காரன்!

இதனால் பேத்திக்கு லாபமா? நேராகப் பார்த்தால் பெரிய லாபம் இல்லை. 6 கிகாஹெர்ட்ஸ் அலை 5-ஐவிடச் சுவருக்கு அதிகமாகப் பயப்படும். ஒரே அறைக்குள் அது ராஜா. அடுத்த அறையில் ஆண்டி. அடுக்குமாடியில் 40 வீட்டு நெரிசலுக்கு அது நல்ல மருந்து. தனி வீட்டின் பின்கட்டுக்கு மருந்து அல்ல. மேலும் அதற்கான புதுப் பெட்டியும் வேண்டும். புதுப் போனும் வேண்டும். "புது வை-பை வந்துவிட்டது" என்று விளம்பரம் பார்த்து ஓடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 தொடக்கத்தில் இந்தியாவில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கம்பி, இழை வழியாக வந்த அகலக்கற்றை இணைப்புகள் சுமார் 4 கோடி. செல்போன் வழியாக இணையம் பார்ப்பவர்களோ அதைப் போல் 20 மடங்குக்கும் மேல். பெரும்பாலான குடும்பங்களுக்கு வீட்டில் பெட்டியே இல்லை. சுவரின் தொல்லை அவர்களுக்கும் உண்டு. தெருமுனைக் கோபுரத்தின் அலையும் அதே சுவரைத்தான் தாண்டி வர வேண்டும். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. ஊராட்சி வரை அரசாங்கம். வாசல் வரை கம்பெனி. வாசலில் இருந்து அடுக்களை வரை?

நட்சத்திரம் யாருக்கு?

அதற்கும் ஒரு சட்டம் வந்தது. 2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதியை வெளியிட்டது. பிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அதுபோலக் கட்டடத்துக்கும் இணைய வசதிக்கு நட்சத்திரம்! உள்ளே இழை போக வழி இருக்கிறதா, செல்போன் அலை கிடைக்கிறதா, வை-பை எட்டுகிறதா என்று பார்த்து மதிப்புப் போடுவார்கள்.

நல்ல யோசனைதான். வீடு வாங்குபவர் கிணற்றில் தண்ணீர் பார்ப்பதுபோல இதையும் பார்ப்பார். ஆனால் நட்சத்திரம் வாங்கப் போவது யார்? பெரிய அடுக்குமாடிக் கம்பெனி, ஆஸ்பத்திரி, ஓட்டல், அலுவலகக் கட்டடம். மூன்று சென்ட் மனையில் கடன் வாங்கி வீடு கட்டும் ஆசிரியரோ, லாரி டிரைவரோ நட்சத்திரத்துக்கு மனுப் போடப் போவதில்லை. அவர் வீட்டின் கதியை முடிவு செய்பவர் மேஸ்திரியும் எலெக்ட்ரீஷியனும்தான்.

தளத்துக்குக் கம்பி கட்டியதும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன், மின்சார வயருக்காக எலெக்ட்ரீஷியன் பிளாஸ்டிக் குழாய் பதிக்கிறார். அதே நேரத்தில் இன்னொரு குழாய் பதித்தால் போதும். வாசலில் இருந்து நடுக்கூடத்துக்கு ஒன்று. அங்கிருந்து மாடிக்கு ஒன்று. மின்சார வயர் போகும் குழாயிலேயே இணையக் கேபிளைத் திணிக்கக் கூடாது. ஆபத்து, அலையிலும் இரைச்சல் வரும். தனிக் குழாய் வேண்டும். உள்ளே ஒரு நூல் கம்பியை விட்டுவைத்தால், பத்து வருஷம் கழித்து எந்தப் புதுக் கேபிள் வந்தாலும் அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

வீடு கட்டும் மொத்தச் செலவில் அந்தக் குழாயின் விலை கணக்கிலேயே வராது. பிறகு செய்வதென்றால் சுவரைக் கொத்த வேண்டும், பூச வேண்டும், வெள்ளை அடிக்க வேண்டும். இன்று கான்கிரீட் கொட்டும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் குழாய் இல்லை. வீட்டுக்காரர் கேட்பதில்லை. கேட்காததை எலெக்ட்ரீஷியன் போடுவதில்லை.